வேலை வேறு, வீடு வேறா? பிரிட்டனின் கறுப்பின ஊழியர்கள் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 2 அக்டோபர்

இங்கிலாந்தின் ரீடிங் நகரில் ஐடி வேலை எனக்கு. அக்டோபர் வந்தால் அலுவலகத்தில் கறுப்பின வரலாற்று மாதம் என்று வாசலில் போஸ்டர், கேன்டீனில் ஜெர்க் சிக்கன், ஒரு ஸூம் கூட்டம். இந்த முறை கூட்டத்தின் தலைப்பு 'குடும்பமும் சமூக நலமும்'. வேலையில் பாகுபாடு இருந்தால் ஹெச்.ஆரிடம் சொல்லட்டும், குடும்பம் அவரவர் பாடு. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்? இங்கே நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள். உங்கள் இடத்தில்தான் கறுப்பின ஊழியர்கள் அதிகம்.

3 அக்டோபர், காலை

நான் தெற்கு லண்டனில் நர்ஸ். ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் வார்டில் பாதிப் பேர் கானா, நைஜீரியா, ஜமைக்கா, பார்படோஸ் வழி வந்தவர்கள். நைட் முடித்து வந்து உட்கார்ந்ததும் உங்கள் கேள்வி கண்ணில் பட்டது. தூக்கம் போய்விட்டது.

எங்கள் வார்டில் நடப்பதையே சொல்கிறேன். கானாவிலிருந்து வந்த ஒருவர், இந்த ஊர் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர். ஊசி போட நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் டாக்டர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இன்னும் பேண்ட் 5, அதாவது நர்ஸ் வேலையின் முதல் சம்பளப் படி. பேண்ட் 6 இடம் காலியானால், நிரந்தரமாக ஆள் எடுக்கும்வரை யாரையாவது 'ஆக்டிங் அப்' என்று உட்கார வைப்பார்கள். அதற்கு விளம்பரம் கிடையாது. மேலே இருப்பவர் கண்ணில் யார் படுகிறாரோ அவருக்கு. சில மாதம் கழித்து நேர்காணல் வைத்தால் 'இந்தப் பொறுப்பில் அனுபவம் உண்டா?' என்பார்கள். ஏற்கெனவே உட்கார்ந்தவர் 'உண்டு' என்பார். கதை முடிந்தது.

சம்பளம் ஏறவில்லை, வாடகை ஏறுகிறது. அதனால் அவர் வார இறுதியிலும் சில மாலைகளிலும் பேங்க் ஷிப்ட் (மருத்துவமனையில் கூடுதலாகப் பார்க்கும் ஷிப்ட்) எடுக்கிறார். மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் எப்போதும் மாலையில்தான். இவரால் போக முடிவதில்லை. அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று பள்ளியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அதை என்னிடம் சொன்னபோது அவர் ட்ரிப் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இதில் எது வேலை விஷயம், எது குடும்ப விஷயம்? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

3 அக்டோபர், இரவு

'ஒரு வார்டை வைத்துப் பொதுவாகப் பேசலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் 2015 முதல் இங்கிலாந்தின் மருத்துவமனை நிர்வாகங்களிடம் இனவாரியாகக் கணக்குக் கேட்கிறது. டபிள்யூ.ஆர்.இ.எஸ். என்று சொல்வோம். வருடா வருடம் வெளியாகிறது, யாரும் படிக்கலாம். நேர்காணல் பட்டியல் வரை வந்தவர்களில், வெள்ளையர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்ற இனத்தவரைப் போல ஒன்றரை மடங்கு. தொடங்கிய காலத்திலும் கிட்டத்தட்ட அதுதான், இப்போதும் அதுதான். தகுதி பார்த்துப் பட்டியலில் சேர்த்த பிறகு விழுகிற இடைவெளி இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே கணக்கில் இன்னொரு வரி. முறையான ஒழுங்கு நடவடிக்கைக்குள் இழுக்கப்படுவதிலும் ஆரம்பத்தில் ஏறத்தாழ அதே அளவு வித்தியாசம் இருந்தது. அது வருடங்களில் படிப்படியாகக் குறைந்து, அண்மையில் ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிட்டது. என்ன நடந்தது? 2016-ல் லண்டனில், ஒழுங்கு நடவடிக்கையில் வேலையிழந்த மலேசிய நர்ஸ் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை நடத்திய விதம் அநியாயம் என்று பிறகு விசாரணை சொன்னது. 2019-ல் எல்லா நிர்வாகங்களுக்கும் உங்கள் நடைமுறையைத் திருத்துங்கள் என்று கடிதம் போனது. பல இடங்களில் இப்போது விசாரணை தொடங்கும் முன்பே, 'இது உண்மையிலேயே தேவையா, பேசித் தீர்க்க முடியாதா?' என்று வேறொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நடைமுறையில் கை வைத்த இடத்தில் எண் இறங்கியது. நேர்காணலில் யாரும் அந்த அளவுக்குக் கை வைக்கவில்லை, அது அசையவில்லை. இது என் கணிப்பு, ஆனால் உறுதியான கணிப்பு.

4 அக்டோபர்

போஸ்டரை நான் குறை சொல்லவில்லை. கறுப்பின வரலாற்று மாதம் பிரிட்டனில் 1987-ல் லண்டனில் தொடங்கியது. முன்னின்றவர் கானாவிலிருந்து வந்து லண்டன் மாநகர நிர்வாகத்தில் பணிபுரிந்த அகியாபா அடாய் செபோ. ஒருநாள் உடன் வேலை பார்த்த பெண் சோர்ந்துபோய் இருந்தாராம். என்ன என்று கேட்டால், முந்தைய இரவு அவருடைய சின்ன மகன் 'அம்மா, நான் ஏன் வெள்ளையாக இல்லை?' என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்வியிலிருந்துதான் இப்படி ஒரு மாதம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஆக, உங்கள் வாசலில் தொங்கும் போஸ்டரே ஒரு வீட்டில் நடந்ததை ஒருவர் அலுவலகத்தில் காது கொடுத்துக் கேட்டதால் வந்தது. முடிச்சு முதலிலேயே விழுந்துவிட்டது.

6 அக்டோபர்

'அவர்கள் வந்தபோதே கீழ்நிலை வேலைக்குத்தானே வந்தார்கள்?' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. விரிவாகச் சொல்கிறேன்.

எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கியது 1948 ஜூன் 22. என்ஹெச்எஸ் தொடங்கியது ஜூலை 5. இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. போருக்குப் பிறகு ஆள் பஞ்சம். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் எங்கும் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் தேடினார்கள். படித்த பெண்கள் வந்தார்கள்.

அப்போது இரண்டு வகைப் பயிற்சி. மூன்று வருடம் படித்தால் எஸ்.ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்), வார்டு சிஸ்டர் வரை போகலாம். இரண்டு வருடம் படித்தால் எஸ்.இ.என். (அதற்குக் கீழ்ப்படி நர்ஸ்), அதற்கு மேல் படிக்கட்டே கிடையாது. தகுதி இருந்தும் கரீபியப் பெண்கள் பலரை இரண்டாவதில் தள்ளினார்கள். வித்தியாசத்தை விளக்கிச் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழுக்குச் சொந்த ஊரில் மதிப்பும் இல்லை. அதாவது இங்கே மேலே போகவும் முடியாது, அங்கே திரும்பிப் போகவும் முடியாது.

எங்கள் மருத்துவமனையில் தன்னார்வலராக வரும் ஜமைக்கா பாட்டி ஒருவர் அப்படிப் படித்தவர். பயிற்சிக் காலத்தில் கட்டிய பச்சை பெல்ட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் கொண்டுவந்து காட்டினார். கொக்கி மங்கிப்போயிருந்தது, துணி மட்டும் புதிது போல இருந்தது. 'பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் வேறு நிற பெல்ட் கட்டினாள். நாங்கள் ஒரே பரீட்சை எழுதித்தான் பள்ளியை முடித்திருந்தோம்' என்றார். ஓய்வூதியத்தில் அந்த நிற வித்தியாசம் இன்றும் மாதா மாதம் தெரிகிறது. பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கை நீட்டி உதவ முடியாமல் போவதும் அதனால்தான்.

6 அக்டோபர், இரவு

சட்டம் என்ன செய்தது என்று கேள்வி. ரொம்ப காலம் ஒன்றுமே இல்லை. பிரிஸ்டல் நகரில் பஸ் கம்பெனி கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. தொழிற்சங்கக் கிளையும் அதற்கு உடந்தை. 1963-ல் கை பெய்லி என்ற இளைஞரை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, கரீபியர் என்று தெரிந்ததும் ரத்து செய்தார்கள். பால் ஸ்டீஃபன்சன், ராய் ஹேக்கெட் போன்றவர்கள் முன்னின்று பஸ் புறக்கணிப்பு நடத்தினார்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 28-ல் கம்பெனி இறங்கி வந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள்.

முதலில் கண்டக்டர் ஆன வெள்ளையரல்லாதவர் யார் தெரியுமா? ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். கரீபியர்கள் நடத்திய போராட்டத்தில் திறந்த கதவு வழியாக முதலில் நுழைந்தவர் நம் துணைக்கண்டத்துக்காரர். 1965-ல் வந்த முதல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் வேலைவாய்ப்பு இடம்பெறவில்லை. 1968-ல்தான் சேர்த்தார்கள். இன்று நீங்களும் நானும் ஹெச்.ஆரிடம் புகார் கொடுக்க முடிவது இப்படி வந்தது.

8 அக்டோபர்

மனசுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பார்ட்னர்.

ஐம்பதுகளில் கரீபியர்களுக்கு வாடகை வீடு தர மாட்டார்கள், பேங்கில் வீட்டுக் கடன் தர மாட்டார்கள். சம்பளம் வாங்கும் ஆளுக்கு ஒரு அறை கிடைக்காத நிலை. அப்போது கைகொடுத்தது ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த பார்ட்னர் முறை. டிரினிடாடில் அதற்கு சூசூ என்று பெயர். ஒரு கூட்டம் சேர்ந்து வாரா வாரம் ஒரே தொகையைப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் மொத்தப் பணமும் ஒருவருக்கு. நம் சீட்டுதான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. போட்டது அப்படியே திரும்பும். யாருக்கு எப்போது என்பதைப் பணம் வைத்திருப்பவர் முடிவு செய்வார். அவரை 'பேங்கர்' என்பார்கள். பெரும்பாலும் ஒரு பெண், எல்லோருக்கும் தெரிந்தவர், சர்ச்சுக்குப் போகும் ஆள்.

அதில் கிடைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனிலும் மற்ற இடங்களிலும் வீடு வாங்கினார்கள். ஒரு வீடு வாங்கினால் மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். அடுத்த கப்பலில் வருபவர் இறங்க ஓர் இடம்.

எங்கள் வார்டில் இன்றும் ஒரு பார்ட்னர் ஓடுகிறது. நானும் அதில் இருக்கிறேன். பேங்கர் ஒரு ஹெல்த்கேர் அசிஸ்டென்ட். நீலக் கோடு போட்ட ஒரு சின்ன நோட்டு, பெயர்களுக்கு எதிரே டிக். கையெழுத்து இல்லை, ரசீது இல்லை. என் முறை கடைசியில் இருந்தது. தங்கை கல்யாணம் என்று தெரிந்ததும் கேட்காமலே என்னை முன்னால் மாற்றினார். வார்டில் எந்த மேனேஜருக்கும் அந்த அதிகாரம் இல்லை, அந்த விசாரிப்பும் இல்லை.

9 அக்டோபர்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பார்ட்னர் இனிக்கிற விஷயமாக மட்டும் தெரிகிறது. அது எங்கிருந்து முளைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேங்க் கதவு சாத்தியதால் ஒரு சமூகம் தன் பேங்கைத் தானே நடத்த வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு, அலைச்சல், யாராவது கட்டாமல் போனால் தன் கையிலிருந்து போடுவது எல்லாம் ஏற்கெனவே ஷிப்ட் முடித்து வந்த பெண்ணின் தலையில்.

பள்ளியிலும் அதே கதை. அறுபதுகளில் கரீபியப் பிள்ளைகளை 'கல்வித் திறன் குறைந்தவர்கள்' என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1971-ல் கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூலில் அதை அம்பலப்படுத்தினார். பெற்றோர் கொதித்துப்போய் சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்தினார்கள். தேவாலய மண்டபத்தில், வீட்டு முன்னறையில். வாரம் முழுக்க வேலை பார்த்த ஆட்கள் சனிக்கிழமை கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பல தாய்மார் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பணம் சேர்ந்ததும் ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். விமான நிலையத்தில் வந்து இறங்கும் பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரியாது. அம்மாவோ மறுநாளே நைட் ட்யூட்டி. பச்சை பெல்ட் பாட்டியிடம் இதைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

11 அக்டோபர்

'பழைய கதை' என்றவருக்கு. 2018-ல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரம் பழையதா?

1973-க்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இங்கே தங்கும் உரிமை சட்டப்படி உண்டு. பலரிடம் அதைக் காட்டத் தாள் மட்டும் இல்லை. சிறு பிள்ளையாக அம்மாவின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். அவர்கள் வந்திறங்கியபோது நிரப்பிய அட்டைகளை உள்துறையே 2010-ல் அழித்துவிட்டது. 2014, 2016 குடிவரவுச் சட்டங்கள் முதலாளி, வீட்டுக்காரர், பேங்க் எல்லோரும் தாள் பார்க்க வேண்டும் என்ற கெடுபிடியை இறுக்கியபோது, முப்பது நாற்பது வருடம் வரி கட்டியவர்கள் ஒரே கடிதத்தில் வேலை இழந்தார்கள். வேலை போனால் வாடகை போகும், வீடு போகும். சிலரைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். 2019-ல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. பணம் கைக்கு வருமுன் இறந்தவர்கள் உண்டு.

அந்தத் தாளைக் கேட்டது பெரும்பாலும் ஹெச்.ஆர்.தான். வேலையிடம் ஒரு வீட்டை எப்படி இடிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

12 அக்டோபர்

உடல்நலம் பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன்.

சிக்கிள் செல் என்று ஒரு ரத்த நோய். பிறப்பிலேயே வருவது. இந்த நாட்டில் அதோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, கரீபிய வழியினர். வலி வந்தால் எலும்புக்குள் கண்ணாடி நொறுங்குவது போல இருக்கும் என்பார்கள். அவசரப் பிரிவுக்கு வந்து மார்ஃபின் கேட்டால் 'போதைக்குக் கேட்கிறான்' என்று பார்க்கும் பார்வையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2019-ல் வடக்கு லண்டனில் 21 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே அவசர உதவி எண் 999-ஐ அழைத்தார், ஆக்ஸிஜன் கேட்டும் கிடைக்கவில்லை என்று. அவர் பிழைக்கவில்லை. 2021-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த நோயாளிகள் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்று விரிவாக எழுதியது.

பிரசவத்திலும் அப்படித்தான். கறுப்பினத் தாய்மார் இறக்கும் விகிதம் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு என்று தேசிய ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. ஒரு கட்டத்தில் ஐந்து மடங்கு. இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேல்.

மாற்றம் எங்கே வந்தது? உள்ளே ஆள் இருந்த இடத்தில். எலிசபெத் அனியோன்வு 1979-ல் பிரிட்டனின் முதல் சிக்கிள் செல் சிறப்பு நர்ஸ் ஆனார். லண்டனின் பிரென்ட் பகுதியில் அதற்கான ஆலோசனை மையத்தைத் தொடங்க உதவினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். இன்று இங்கிலாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு கறுப்பின நர்ஸுக்குப் பொறுப்பான வேலை கிடைத்தால் அது எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடையில் ஒன்று: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் ஆக்ஸிஜனைச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். எண் நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் ஆளைப் பாருங்கள்.

15 அக்டோபர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஆப்பிரிக்கர்களைக் குறிக்கப் புழங்கும் சொற்களை இங்கே எழுதவே கூசுகிறது. 'அவர்கள் இருக்கும் ஏரியாவில் வீடு பார்க்காதே' என்று எனக்கே அறிவுரை வந்தது. சொன்னவர் நல்ல மனிதர், கஷ்டத்தில் உதவியவர். அவருடைய அம்மாவைக் கடைசி வாரங்களில் குளிப்பாட்டிவிட்டது ஒரு நைஜீரியப் பெண்.

ஏ. சிவானந்தனைத் தெரியுமா? இலங்கைத் தமிழர். 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பை விட்டு லண்டன் வந்தார். வந்த நேரத்தில் லண்டனின் நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவர் மீது தாக்குதல். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராக இருந்து, பிறகு அதன் இயக்குநராகவே ஆனார். 'நீங்கள் அங்கே வந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று குடியேறிகள் சார்பில் சொன்னவர் அவர்தான். கரீபியர், ஆப்பிரிக்கர், ஆசியர் எல்லோருடைய போராட்டமும் ஒன்று என்று 2018-ல் இறக்கும்வரை எழுதினார். அவர் நம்மவர் என்று பெருமைப்படுவதானால் அவர் சொன்னதில் கொஞ்சமாவது நம் வீட்டுக்குள் வர வேண்டும்.

15 அக்டோபர், சிறு சேர்க்கை

ஆபரேஷன் தியேட்டர் தொப்பி பின்னல் போட்ட முடிக்குப் பத்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தாது. எங்கள் தியேட்டரில் ஒருவர் இரண்டு தொப்பிகளை ஒன்றன் மேல் ஒன்று மாட்டி டேப் ஒட்டிக்கொண்டு நிற்பார். பெரிய அளவு வாங்க ஒரு ஆர்டர் போதும். ஸ்டாஃப் நெட்வொர்க் (ஊழியர் குழு) மூலம் கேட்டு வாங்கிவிட்டோம். முதல் பெட்டி திறந்த அன்று தியேட்டரே சிரித்துக் கைதட்டியது.

18 அக்டோபர்

முதலில் கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார்: 'சரி, நான் என் அலுவலகத்தில் எதைக் கேட்பது?' நல்ல கேள்வி.

தற்காலிகப் பொறுப்புகளை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கச் சொல்லுங்கள். பட்டியலுக்கு வந்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை என்று இனவாரியாகக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

அப்புறம் விடுப்பு விதி. ஜமைக்காக்காரர்கள் வீட்டில் இறப்பு நடந்தால் நைன் நைட் என்று ஒன்பது இரவு உறவும் அக்கம்பக்கமும் கூடுவது வழக்கம். பாட்டு, டோமினோ ஆட்டம், வறுத்த மீன், ரம், இறந்தவரைப் பற்றிய கதைகள். இப்போது பெரும்பாலும் கடைசி இரவை மட்டும் பெரிதாக நடத்துகிறார்கள். எங்கள் வார்டில் ஒருவருக்குப் பாட்டி இறந்தார். பாட்டிதான் அவரைக் கிங்ஸ்டனில் பத்து வயது வரை வளர்த்தவர். விதிப் புத்தகத்தில் 'நெருங்கிய உறவு' என்றால் பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தோர். பாட்டிக்கு ஒரு நாள். அன்றிரவு அவர் ட்யூட்டியில் இருந்தார். இடைவேளையில் லினன் அறையில் நின்று போனில் ஊர்க்காரர்கள் பாடுவதைக் கேட்டார்.

மேலே 9-ஆம் தேதி எழுதியதை நினைத்துப் பாருங்கள். பாட்டியிடம் பிள்ளையை விட்டு வரும்படி ஒரு தலைமுறையை வேலைக்கு அழைத்தது இதே என்ஹெச்எஸ். இன்று அந்தப் பாட்டி நெருங்கிய உறவு இல்லை என்கிறது விதி.

உறவுகளை வரிசையாக எழுதுவதை விட்டுவிட்டு 'ஊழியரை வளர்த்தவர் யாராக இருந்தாலும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். நவம்பர் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மாவிடம், அத்தையிடம் வளர்ந்த நம் ஆட்கள் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கம்பெனி விதியில் இது எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கே போடுங்கள். நல்லபடியாக இருந்தால் எங்கள் மனுவோடு இணைத்துக்கொள்கிறேன்.